பதில் குரல்

சாசரோடு டீ வந்தால் சந்தேகப்பட வேண்டும். இத்தனை வருஷத்தில் எங்கள் மேனேஜர் எனக்கு டீ கொடுத்தது இரண்டே முறை. முதல் முறை, இந்த வருஷம் சம்பள உயர்வு கிடையாது என்று சொல்வதற்காக. அன்றைக்குப் பேப்பர் கப். இந்த முறை பூப்போட்ட பீங்கான் கப், அதற்குக் கீழே ஒரு சாசர், சாசரின் ஓரத்தில் ஒரு பிஸ்கட். பிஸ்கட்டைப் பார்த்ததுமே வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

"உட்காருங்க," என்றார்.

"உட்கார்றேன்," என்றேன்.

"உங்களை சர்வீஸ் மேனேஜரா போடலாம்னு இருக்கோம்."

"சர்வீஸ் மேனேஜரா போடலாம்னு இருக்கீங்க."

"இதான்! இதான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது," என்று மேசையைத் தட்டினார். கப்பு குலுங்கியது. "நான் எது சொன்னாலும் அப்படியே பிடிச்சுக்கிறீங்க பாருங்க. மத்தவங்கல்லாம் 'ஆனா சார், ஆனா சார்'னு இழுப்பாங்க. உங்க வாயிலருந்து ஒரு தடவைகூட 'ஆனா' வந்ததில்ல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனுஷன் என் வேலையைப் பார்த்து இந்தப் பதவியைக் கொடுக்கவில்லை. என் வாய்ப்பழக்கத்தைப் பார்த்துக் கொடுக்கிறார். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் என்னை ஜால்ரா என்று நினைத்துவிடுவீர்கள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். நீங்கள் லிஃப்டுக்குள் நின்று கண்ணாடியில் தலை சீவுகிறவர்கள். நாங்கள் அந்தப் பெட்டியின் தலைமேல் நிற்கிறவர்கள். எங்களுடையது ஜோடி வேலை. ஒருவன் பெட்டியின் மேல் நின்றுகொண்டு, அது ஏறி இறங்கும் இருட்டுக் கிணற்றில் இரண்டு பக்கமும் போகிற தண்டவாளங்களைத் துடைத்து எண்ணெய் போட்டு, கயிறுகளைத் தடவிப் பார்ப்பான். இன்னொருவன் மொட்டை மாடிக்கும் மேலே மோட்டார் இருக்கிற அறையில் நின்று, அவன் சொல்கிறபடி பெட்டியை ஏற்றி இறக்குவான். ஒருவன் முகம் இன்னொருவனுக்குத் தெரியாது. கயிறு இறங்குகிற ஓட்டை வழியாகக் குரல்தான் போகும், குரல்தான் வரும்.

அதனால் ஒரு விதி வைத்திருக்கிறோம். பெட்டிமேல் நிற்கிறவன் "கீழ!" என்று கத்துவான். மோட்டார் அறையில் இருக்கிறவன் "கீழ!" என்று திருப்பிக் கத்துவான். அதற்கப்புறம்தான் பெட்டி நகரும். இப்படித் திருப்பிச் சொல்வதற்கு "ஆமாம் சாமி" என்று அர்த்தமில்லை, "அடடா, என்ன யோசனை!" என்றும் அர்த்தமில்லை. காதில் விழுந்தது, அவ்வளவுதான். பதில் குரல் வராவிட்டால் எதுவும் நகராது. பதினேழு வருஷம் இப்படியே கத்திக் கத்தி, யார் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்வது எனக்கு இருமல் மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டில் மனைவி "பால் தீந்துபோச்சு" என்றால் "பால் தீந்துபோச்சு" என்பேன். கல்யாணமான புதிதில் கிண்டல் பண்ணுகிறேன் என்று அழுதாள். இப்போது அவள் அழுவதில்லை, முறைக்கிறாள்.

அந்தப் பதினேழு வருஷமும் எனக்கு ஜோடி என் மச்சினன்தான். மனைவியின் ஒரே தம்பி. அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். பெட்டிமேல் அவன் நிற்பான், மோட்டார் அறையில் நான். ஒரு சமயம் மாமியார் வீட்டு இரும்பு பீரோ யாருக்கு என்று எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பெரிய ரகளை. ஒரு மாதம் நானும் அவனும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வேலை நிற்கவில்லை. "மேல", "மேல". "கீழ", "கீழ". "நில்லு", "நில்லு". மூன்றே வார்த்தையில் ஒரு மாதம் குடும்பம் நடத்தினோம். சில தம்பதிகள் அதைவிடக் குறைவாகப் பேசிக்கொண்டு நன்றாகவே இருக்கிறார்கள். பீரோ கடைசியில் துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போனது.

போன வருஷம் பெட்டி இறங்கிக்கொண்டிருந்தபோது அவன் சட்டைக்கை சுவரில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு தாங்கியில் மாட்டியது. "நில்லு!" என்று ஒரு சத்தம் வந்தது. அந்த ஒரு முறை மட்டும் நான் திருப்பிச் சொல்லவில்லை. கை தானாகப் போய் மின்சாரத்தைத் துண்டித்தது. இரண்டு விரலில் நகம் பிய்ந்ததோடு தப்பித்தான். அன்று சாயங்காலம் அவன் கட்டுப் போட்ட கையைக் காட்டி, "மாமா, விதியை மீறிட்டீங்க, திருப்பிச் சொல்லவே இல்ல," என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, பதவிக்கு வருவோம். வீட்டில் சொன்னதும் மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"நிஜமாவா? ஏங்க, இனிமே சட்டையில கிரீஸ் வராதுல்ல?"

"கிரீஸ் வராது."

"முட்டி வலியும் போயிடும்."

அதுவும் உண்மைதான். லிஃப்ட் மெக்கானிக்குக்கு முட்டி தேய்வதைப் போல ஒரு வேடிக்கை உலகத்தில் கிடையாது. ஊரையெல்லாம் ஏற்றி இறக்குகிறவன் படியில்தான் ஏறியாக வேண்டும், ஏனென்றால் லிஃப்ட் அவன் கையில் பிரித்துக் கிடக்கிறது. எனக்கு இடது முட்டி ஏற்கெனவே போய்விட்டது. வலது முட்டி கிளம்பிக்கொண்டிருந்தது. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "படி ஏறாதீங்க, லிஃப்ட்ல போங்க," என்று புத்தி சொன்னார். நானும் "லிஃப்ட்ல போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மச்சினனிடம் சொன்னபோது அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தான். "நாற்காலி கிடைச்சா முட்டி நேராயிடும் மாமா. ஆனா முதுகெலும்பு வளைஞ்சிடும்னு சொல்றாங்க. பாத்துக்கோங்க." பிறகு, "போய்த்தான் பாருங்களேன். பிடிக்கலன்னா வந்துடுங்க. உங்க இடத்துல யாரையும் நிக்க விடமாட்டேன்," என்றான்.

ஒரு வாரம் வெள்ளோட்டம் என்று முடிவானது. வெள்ளிக்கிழமை கம்பெனியின் முதலாளியம்மா வருவார், அவர் முன்னால் நான் சரியென்றோ வேண்டாமென்றோ சொல்ல வேண்டும். அதுவரை மதில்மேல் பூனையாக இருக்கலாம். மனைவி அதற்கென்றே வாங்கிய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அட்டை மாதிரி விறைப்பாக இருந்தது. நான் அதற்குள் இருந்தேனா, அது என்மேல் இருந்ததா என்றே தெரியவில்லை.

ஆபீஸ் உத்தியோகம் எப்படி என்று கேட்பவர்களுக்கு: நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்களே, அதற்கு ஏசி போட்டால் ஆபீஸ். திங்கட்கிழமை காலை ஒரு மீட்டிங். அந்த மீட்டிங்கில் பேசியது, செவ்வாய்க்கிழமை மீட்டிங்கை எத்தனை மணிக்கு வைப்பது என்பது. ஒருத்தர் பத்து மணி என்றார், ஒருத்தர் பத்தரை என்றார். பெரிய மனசு பண்ணிப் பத்தேகாலுக்கு ஒத்துக்கொண்டார்கள். எல்லாரும் களைத்துப்போய் டீ குடித்தார்கள். எனக்குக் கொடுத்த நாற்காலிக்குக் கீழே சக்கரம் இருந்தது, பிரேக் இல்லை. பிரேக் இல்லாத வாகனத்தில் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்கு மேனேஜர் விளக்கை அணைத்துவிட்டுச் சுவரில் படம் காட்டினார். அவருக்கு எங்கள் ஆட்கள் வைத்த பேர் படக்காரர். படம் இல்லாமல் அவருக்குப் பேச வராது. வீட்டில் சாப்பாடு கேட்பதற்கும் படம் போடுவார் என்று மச்சினன் சொல்வான். அன்றைக்குப் போட்ட படத்தில் தலைக்கவசம் போட்ட ஒருவன் லிஃப்டின் மேல் தனியாக நின்று எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது, அவன் வாழ்க்கையில் எந்த லிஃப்டின் மேலும் ஏறியதில்லை.

"பெட்டிமேலயே ஒரு பட்டன் பெட்டி வச்சிடப் போறோம்," என்றார் படக்காரர். "மேல இருக்கிறவரே அமுக்கி அவரே நகர்த்திக்கலாம். மோட்டார் ரூம்ல இன்னொருத்தர் எதுக்கு? வழக்கமான சர்வீஸுக்கு ஒரு ஆள் போதும்."

நான் அந்த நேரத்தில் நாற்காலி பின்னால் உருளாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. வாய் தானாகத் திறந்தது.

"ஒரு ஆள் போதும்," என்றேன்.

அறையில் கைதட்டல். படக்காரர் முகத்தில் அந்தத் தலைக்கவசக்காரன் சிரிப்பு. "பாத்தீங்களா! வேலை பாக்கிறவங்க ஒத்துக்க மாட்டாங்கன்னு பயந்தோமே. அங்கருந்து வந்தவரே சொல்லிட்டாரு!"

"ஆனா சார்..." என்று ஆரம்பித்தேன். என் பிழைப்பில் முதல் 'ஆனா'. அது வாயைவிட்டு வெளியே வருவதற்குள் யாரோ விளக்கைப் போட்டு "டீ" என்றார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. நான்கு பேர் வந்து என் கையைக் குலுக்கினார்கள். நான் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், நான் கேட்டுச்சுன்னுதான் சொன்னேன்," என்றேன். "நாங்களும் கேட்டோம், நல்லா சத்தமாவே சொன்னீங்க," என்றார் அவர்.

மறுநாள் காலையே ஜோடிகளைப் பிரித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை முதலாளியம்மா முடிவு சொல்லும்வரை சோதனையாம். மச்சினன் கையில் ஒரு பட்டன் பெட்டியைக் கொடுத்து, எட்டு மாடிக் கட்டடத்துக்குத் தனியாக அனுப்பினார்கள். அவன் ஏன் என்று கேட்டதற்கு, "உங்க மாமாதானே சொன்னாரு," என்று பதில்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது மச்சினன் மனைவி வந்திருந்தாள். நாற்காலி போட்டிருந்தும் உட்காராமல் நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்து, "அண்ணா, சட்டை நல்லா வெள்ளையா இருக்கு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு அவள் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கலாம்.

மீதியை என் மனைவி பார்த்துக்கொண்டாள். "என் தம்பியைக் கிணத்துல தள்ளிட்டுத்தான் உங்களுக்கு நாற்காலியா?"

"நான் ஒத்துக்கவே இல்லடி. திருப்பித்தான் சொன்னேன்."

"ஊர் உலகத்துல அதுக்குப் பேரு ஒத்துக்கிறதுதான்!"

"எங்க வேலையில அப்படி இல்ல."

"அண்ணா," என்றாள் மச்சினன் மனைவி நிதானமாக, "போன வருஷம் கை மாட்டினப்ப நீங்க மேல இருந்தீங்க. இனிமே மாட்டினா அவரு அந்தப் பட்டனை எந்தக் கையால அமுக்குவாரு?"

அதைத் திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கே போய் வேணாம்னு சொல்லிட்டு வந்துடுங்க. முட்டி வலிச்சா நான் தைலம் தேச்சு விடுறேன்," என்றாள். மூன்று நாளுக்கு முன்னால் அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்ட அதே கை அவளுடையது.

வியாழக்கிழமை காலை படக்காரரிடம் போய், எனக்கு நாற்காலி வேண்டாம், பழைய வேலைக்கே போகிறேன் என்றேன். அவர் துளியும் வருத்தப்படவில்லை.

"தாராளமா போங்க. ஸ்டோர்ல இருக்கிறவர் ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்காரு. அவரை உட்கார வச்சிடலாம்."

ஸ்டோர்காரர் நட்டு போல்ட்டை எண்ணி எண்ணிக் கொடுக்கிறவர். லிஃப்டில் தனியாகப் போகவே பயந்து, துணைக்கு ஆள் தேடுகிறவர்.

"அப்ப ஜோடி?" என்றேன்.

"அது ஏற்கெனவே முடிஞ்சுபோச்சே. நீங்கதான் சொல்லிட்டீங்களே. சொன்ன சொல்லு மாறலாமா?"

பழம் நழுவிப் பாலில் விழும் என்பார்கள். எனக்கு நழுவியது என் காலிலேயே விழுந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் மச்சினனைத் தனியாக அனுப்பியவன் என்று பேர். எழுந்தால் என் சொல் அங்கேயே உட்கார்ந்திருக்கும், அதன்மேல் ஸ்டோர்காரர் உட்காருவார். பிஸ்கட்டைத் தொட்டிருக்கவே கூடாது.

மத்தியானம் மனசு கேட்கவில்லை. எட்டு மாடிக் கட்டடத்துக்குப் போனேன். பழைய குடியிருப்பு. கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவுக்கு முன்னால் 'வேலை நடக்கிறது' என்ற பலகை, இரண்டு சைக்கிள், எப்போதும் எரிகிற ஒரு குழல்விளக்கு. கதவில் காதை வைத்தேன். எங்கேயோ உயரத்தில் துணியால் தண்டவாளத்தைத் தேய்க்கிற சத்தம். அப்புறம் மச்சினன் குரல்.

"கீழ!"

பெட்டி நகரவில்லை. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. மோட்டார் அறையில் யாரும் இல்லை, யாரைப் பார்த்துக் கத்துகிறான்? அப்போது இன்னொரு குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்பாக, கடைசி எழுத்தை இழுத்து.

"கீழ!"

அது என் குரல். அதாவது என் குரலை மாதிரி அவன் பேசியது. அதற்கப்புறம்தான் பட்டனை அமுக்கினான், பெட்டி இறங்கியது. "நில்லு!" என்று அவன் குரலில் ஒன்று. "நில்லு!" என்று என் குரலில் ஒன்று. பெட்டி நின்றது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, படுபாவி, அச்சு அசலாகப் பேசுகிறானே என்று. சிரிப்பு பாதியிலேயே அடங்கிவிட்டது.

நானும் குரல் கொடுத்திருக்கலாம். ஆனால் கிணற்றுக்குள் எதிர்பாராத குரல் கேட்டால் ஆள் திரும்பிப் பார்ப்பான், கால் பிசகும். அவன் வேலையை முடித்து முதல் மாடிக் கதவு வழியாக வெளியே வரும்வரை படியில் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன மாமா, மேற்பார்வையா?" என்றான்.

"யார்கூடப் பேசிட்டு இருந்த?"

"உங்ககூடத்தான்."

"நான் இல்லையே மாப்ள."

"அதான் உங்க பங்கையும் நானே பேசிட்டேன். பதில் வராம கை பட்டன்ல போக மாட்டேங்குது." பட்டன் பெட்டியைக் கீழே வைத்தான். "முதல் நாள் ரொம்ப நேரம் சும்மா நின்னுட்டு இருந்தேன் மாமா, பைத்தியம் மாதிரி."

"கை மாட்டினா என்னடா பண்ணுவ?"

"உங்க குரல்ல நானே நில்லுன்னு சொல்லிக்க வேண்டியதுதான்."

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன், இரண்டு பேருக்கும் ஆறியிருக்கும். நான் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை அதே வெள்ளைச் சட்டையைத்தான் போட்டேன். ஆனால் பைக்குள் என் பழைய காக்கிச் சட்டையை மடித்து வைத்துக்கொண்டேன். மீட்டிங்கில் எல்லாவற்றையும் உடைத்துப் பேசிவிட்டு, வாசலிலேயே சட்டையை மாற்றிக்கொண்டு நேராக மச்சினனிடம் போய்விடுவது என்று திட்டம். மானமும் போகாது, ஜோடியும் போகாது. திட்டம் போடுவதில் நானும் படக்காரருக்குக் குறைந்தவனில்லை.

முதலாளியம்மா வாட்டசாட்டமானவர். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் பேச்சைக் கேட்பார். சிரிப்பைக் காசு கொடுத்து வாங்குகிற மாதிரி எப்போதாவதுதான் சிரிப்பார். படக்காரர் விளக்கை அணைத்தார். தலைக்கவசக்காரன் சுவரில் வந்து சிரித்தான்.

"சுருக்கமா சொல்லணும்னா மேடம், வழக்கமான சர்வீஸுக்கு ஒரு ஆள் போதும்," என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வாய் திறக்கப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், தும்மலை அடக்குவதுகூட அதைவிடச் சுலபம். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஒரு ஆள் போதும்," என்றார் படக்காரர் மறுபடியும், எடுத்துக் கொடுக்கிற தோரணையில்.

நான் சுவரைப் பார்த்தேன்.

"ஒரு ஆள்... போதும்," என்றார் மூன்றாவது முறை. குரல் கம்மியது. யாரோ விளக்கைப் போட்டார்கள்.

"இவருக்குக் காது கேக்காதா?" என்றார் முதலாளியம்மா.

"கேக்கும் மேடம்," என்றேன். "கேட்டுச்சுன்னா திருப்பிச் சொல்றது எங்க வழக்கம். அன்னைக்கு அப்படித்தான் சொன்னேன். அதை இவங்க சம்மதம்னு எடுத்துக்கிட்டாங்க. எங்க வேலையில இன்னொரு வழக்கமும் இருக்கு. எதிர்ப்பக்கம் பதில் வரலன்னா பெட்டியை நகர்த்தக் கூடாது. இன்னைக்கு நான் பதில் சொல்லல. நகர்த்தாதீங்க."

முதலாளியம்மா மேசையில் இருந்த கைக்கடிகாரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"தனியா நிக்கிறவருக்குக் கை மாட்டினா, பட்டனை எந்தக் கையால அமுக்குவாரு?" என்றேன். மச்சினன் மனைவியின் கேள்வி. நான்தான் திருப்பிச் சொல்கிறவன் ஆயிற்றே.

முதலாளியம்மா படக்காரரைப் பார்த்தார். படக்காரர் அடுத்த படத்தைப் போட்டார். அதில் ஒரு வட்டமும் மூன்று அம்புக்குறியும் இருந்தன. கை எதுவும் இல்லை. அவர் அதற்கடுத்த படத்தைப் போட்டார். அதில் 'நன்றி' என்று இருந்தது.

"சரி," என்றார் முதலாளியம்மா. "ஜோடியாவே போகட்டும்."

நான் பையைக் கையில் எடுத்தேன். எழுந்தேவிட்டேன்.

"உட்காருங்க, நான் இன்னும் முடிக்கல. ரெண்டு ரெண்டு பேரா அனுப்பினா எனக்குச் செலவு. யாராவது ஒருத்தர் வருஷா வருஷம் என் எதிர்ல உட்கார்ந்து, இது வேணும்னு பதில் சொல்லணும். ஏதாவது ஆச்சுன்னா அவர் தலைதான் உருளும். நீங்க அந்த நாற்காலியில இருக்கிற வரைக்கும் ஜோடி. நீங்க எழுந்து போனா, அடுத்து உட்கார்றவர் என்ன சொல்றாரோ அது."

ஸ்டோர்காரர் மூலையில் உட்கார்ந்திருந்தார். அவர் தலை இப்போதே ஆடத் தயாராக இருந்தது.

என் மடியில் இருந்த பைக்குள் காக்கிச் சட்டையின் பித்தான் கைக்குத் தட்டுப்பட்டது. ஊரில் இருக்கிற எல்லா ஜோடியையும் காப்பாற்றிவிட்டேன், என்னுடையதைத் தவிர. "உங்க இடத்துல யாரையும் நிக்க விடமாட்டேன்" என்று அவன் சொல்லியிருந்தான். இப்போது அந்த இடத்தில் ஒருத்தனை நிறுத்தப்போவதே நான்தான். எனக்கு எல்லார்மேலும் கோபம் வந்தது. அந்த அம்மாள்மேலும், அவர் சொன்னதில் தப்பே இல்லாததன்மேலும்.

"என்ன, நாற்காலியில நீங்கதானே?" என்றார்.

"நாற்காலியில நான்," என்றேன். அந்த ஒரு முறை நான் வெறுமனே திருப்பிச் சொல்லவில்லை.

மச்சினனுக்குப் புது ஜோடியாக, நாங்கள் மீசை என்று கூப்பிடுகிற மெக்கானிக்கைப் போட்டேன். அவன் மீசையை எடுத்துப் பல வருஷம் ஆகிறது, பேர் மட்டும் முளைத்தபடியே இருக்கிறது. நல்ல வேலைக்காரன். அவனுடைய பழைய ஜோடி ஓய்வு பெற்றுவிட்டார். மச்சினனிடம் சொன்னபோது பட்டன் பெட்டியின் ஒயரைச் சுற்றி முடித்தான்.

"மீசையா? அவன் குரல் எலி கத்துற மாதிரி இருக்கும் மாமா."

"காதுல விழுமா, விழாதா?"

"விழும்."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணுமில்ல," என்றான். "உங்க குரல் நல்லா பழகிடுச்சு, அதான்." பட்டன் பெட்டியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். மனைவி மறுபடியும் இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். மச்சினன் மனைவி இப்போது எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காருகிறாள். எல்லாருக்கும் சந்தோஷம்.

அடுத்த வாரம் அந்த எட்டு மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் ஒரு வீட்டுக்காரர் லிஃப்ட் கதவு இடிக்கிறது என்று புகார் கொடுத்தார். சர்வீஸ் மேனேஜரே நேரில் வந்து பார்க்க வேண்டுமாம். போனேன். அதே பலகை, அதே சைக்கிள்கள். மச்சினனும் மீசையும் காலையிலேயே வந்துவிட்டார்கள். கதவின் முன்னால் நான் போய் நின்றபோது உள்ளே உயரத்திலிருந்து அவன் குரல் வந்தது.

"கீழ!"

என் வாய் திறந்துவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் போய் நின்றுவிட்டது. அதற்குள் எங்கேயோ உச்சியிலிருந்து ஒரு மெல்லிய கீச்சுக்குரல் "கீழ!" என்றது. பெட்டி நகர்ந்தது. ஒழுங்காக, ஒரு குலுக்கல் இல்லாமல் இறங்கியது. "நில்லு!" "நில்லு!" நின்றது. நான் வாயை மூடிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெள்ளைச் சட்டைக் கையால் துடைத்தால் கறை படுமென்று புறங்கையால் துடைத்துக்கொண்டேன்.

காவல்காரர் எழுந்து வந்து ஒரு வணக்கம் வைத்தார். இத்தனை வருஷமாக அவர் எனக்கு வணக்கம் வைத்ததில்லை, பீடிக்கு நெருப்புதான் கேட்பார்.

"எந்த மாடி சார்?"

"எட்டு."

"லிஃப்ட்ல வேலை நடக்குதே. அப்ப படிதான்."

"படிதான்," என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தேன்.